மணியக்காரர் பெட்டி

சென்ற ஆடி மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிரே டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாலைந்து பேர் ஏரி மதகைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். மதகுப் பலகை உடைந்து இரண்டு மாதம் ஆகிறதாம். பஞ்சாயத்துத் தலைவரிடம் சொன்னால் அவர் இலாகாவைக் கை காட்டுகிறாராம். இலாகாக்காரர்களைக் கேட்டால் எஸ்டிமேட் போயிருக்கிறது என்கிறார்களாம். என்னைக் கண்டதும் ஒரு கிழவர் பேச்சை நிறுத்திவிட்டு, "உங்க தாத்தா இருந்திருந்தா இப்படி நடக்குமா தம்பி? அவர் ஒரு குரல் கொடுத்தா ஊரே நடுங்கும்" என்றார்.

மற்றவர்களும் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். அவர்களில் இருவர் என்னைவிட வயதில் சிறியவர்கள். என் தாத்தாவைப் பார்த்திருக்கவே முடியாது. ஆனாலும் அவர்களுக்கும் அந்தக் காலத்தின் மேல் ஓர் ஏக்கம்.

எனக்கு ஒருபுறம் பெருமையாகத்தான் இருந்தது. தாத்தாவைப் புகழ்ந்தால் எந்தப் பேரனுக்குத்தான் கசக்கும்? மறுபுறம் அந்த 'நடுங்கும்' என்ற சொல் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஏன் தைத்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் மணியக்காரர் என்றால் யார் என்பதை இளைய வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும்.

சர்க்கார் காகிதங்களில் அவருக்குக் கிராம முன்சீப் என்று பெயர். ஜனங்கள் வாயில் அவர் மணியக்காரர். கிஸ்தி வசூல் செய்வது அவர் வேலை. ஊரில் பிறப்பு இறப்பு நேர்ந்தால் பதிவு செய்வது அவர் வேலை. களவோ கொலையோ நடந்தால் போலீஸுக்குத் தகவல் அனுப்புவதும், அவர்கள் வரும்வரை ஆளைப் பிடித்து வைப்பதும் அவர் வேலை. சில்லறைக் கடன் வழக்குகளைத் திண்ணையிலேயே விசாரித்துத் தீர்ப்பும் சொல்லலாம். அவருக்குத் துணையாகக் கணக்கு எழுதக் கர்ணம். ஓடியாடத் தலையாரியும் வெட்டியானும். ஏரித் தண்ணீரை மடை மடையாகப் பார்த்து விட நீர்க்கட்டி. ஒரு சிறு சாம்ராஜ்யம் என்றே சொல்லலாம்.

இந்தச் சாம்ராஜ்யத்தை வெள்ளைக்காரன் புதிதாக உண்டாக்கவில்லை. இருந்ததை எடுத்துத் தனக்கு ஏற்றபடி தைத்துக்கொண்டான். அப்படித் தைத்தவர்களில் முக்கியமானவர் தாமஸ் மன்றோ. பின்னால் 1820 முதல் 1827-ல் இறக்கும்வரை சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தாரே, அவர்தான். அதற்கு முன்னால், 1814-ல், நீதி நிர்வாகத்தைச் சீர்திருத்தும் கமிஷனுக்குத் தலைவராக அவர் இங்கே வந்தார். ஜனங்கள் ஏற்கெனவே யார் சொன்னால் கேட்கிறார்களோ அவர்கள் கையிலேயே சிறிய அதிகாரங்களைக் கொடுத்துவிட்டால் சுலபம், செலவும் குறைவு என்பது அவர் கட்சி. அதன் பலனாக 1816-ல் சில ரெகுலேஷன்கள் பிறந்தன. கிராமத் தலைவர் அன்று முதல் முன்சீப்பும் ஆனார், போலீஸும் ஆனார்.

அந்த ரெகுலேஷன்களில் ஒன்றைப் பற்றிப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிறு குற்றம் செய்தவனைக் கிராமத் தலைவர் பன்னிரண்டு மணி நேரம் வரை சாவடியில் அடைத்து வைக்கலாம். குற்றவாளி தாழ்ந்த சாதிக்காரனாக இருந்தால் ஆறு மணி நேரம் வரை தொழுவில் மாட்டியும் வைக்கலாம். தொழு என்பது காலை நுழைத்துப் பூட்டும் துளைக்கட்டை. ஒரே குற்றத்துக்குச் சாதிக்கு ஒரு தண்டனை! சட்டப் புத்தகத்திலேயே இப்படி ஒரு வரி இருந்தது. எங்கள் ஊர்ச் சாவடியின் மூலையில் துளை போட்ட பெரிய மரக்கட்டை ஒன்று வெகுநாள் கிடந்தது என்றும், அதன்மேல் உட்கார்ந்து புளியங்கொட்டை ஆடியதாகவும் அப்பா சொல்லியிருக்கிறார். அது என்ன கட்டை என்று அவர் அப்போது கேட்டதில்லை.

1895-ல் இன்னொரு சட்டம் வந்தது. பரம்பரைக் கிராம உத்தியோகங்களைப் பற்றியது. தகப்பனுக்குப் பின் மகன் என்று வழக்கத்தில் இருந்ததை அது சட்டமாகவே எழுதி வைத்தது. வாரிசு மைனராக இருந்தால் அவன் பெயரைப் பதிவு செய்துவிட வேண்டும். அவனுக்கு வயது வரும்வரை வேறொருவர் அவனுக்குப் பதிலாக வேலை பார்ப்பார். தொட்டிலில் கிடக்கும் குழந்தை கிராமத்துக்கு முன்சீப்! கதையில் எழுதினால் வாசகர்கள் நம்பமாட்டார்கள்.

நிற்க. என் தாத்தாவின் கதைக்கு வருகிறேன்.

அவர் 1944-ல் தம் தகப்பனாருக்குப் பின் மணியக்காரர் ஆனார். அப்போது அவருக்கு இருபத்தொன்பது வயது. முப்பத்தாறு வருஷம் அந்த உத்தியோகத்தைப் பார்த்தார். அவருடைய அதிகாரத்தைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. பாட்டி அதை நூறு தடவையாவது சொல்லியிருப்பாள்.

ஓர் ஐப்பசி மாதம். என் அப்பாவுக்கு அப்போது பத்து வயது. மூன்று நாள் விடாத மழை. நடு இரவில் நீர்க்கட்டி ஓடி வந்து, ஏரிக்கரையில் தெற்கு மடைக்குப் பக்கத்தில் கசிவு கண்டுவிட்டது என்று கத்தினான். தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அரிக்கேன் விளக்கோடு கிளம்பினார். தெருத் தெருவாக ஒரே ஒரு குரல்தான் கொடுத்தாராம். கால் மணி நேரத்தில் மேலத் தெரு, கீழத் தெரு, சேரி எல்லா இடத்திலிருந்தும் ஆட்கள் மண்வெட்டியும் கூடையுமாக வந்து நின்றார்கள். யார் வைக்கோல் போரைப் பிரிப்பது, யார் பனைமரத்தை வெட்டிக் கிடத்துவது, யார் மண் சுமப்பது என்று அவர் சொன்னார், இவர்கள் செய்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் அவரும் விடியும்வரை நின்றார். கரை நின்றது. கீழே முந்நூறு ஏக்கர் பயிரும் நின்றது.

இந்தக் கதையை நான் நம்புகிறேன். உடைகிற கரைக்கு முன்னால் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்ற முடியாது. ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். சொல்கிறவருக்கு ஏரியின் ஒவ்வொரு மடையும், ஊரின் ஒவ்வொரு ஆளும் தெரிந்திருக்க வேண்டும். தாத்தாவுக்குத் தெரிந்திருந்தது. பரம்பரை அதிகாரத்துக்குச் சாதகமாகச் சொல்லக்கூடியது அத்தனையும் அந்த ஓர் இரவில் இருக்கிறது. டீக்கடைக் கிழவரின் ஏக்கமும் அதுதான்.

ஜெர்மன் அறிஞர் மாக்ஸ் வேபர் அதிகாரத்தை மூன்று வகையாகப் பிரித்தார். வழிவழியாக வருவதால் மதிக்கப்படுவது ஒன்று. ஒரு மனிதனின் அபூர்வமான கவர்ச்சியால் வருவது ஒன்று. எழுதி வைத்த சட்டத்தால் வருவது ஒன்று. நான் கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் நீடிக்காதவன். ஆகையால் பெரிய சித்தாந்தங்களை எங்கள் ஊர்த் திண்ணையில் உட்கார வைத்துத்தான் புரிந்துகொள்வது வழக்கம். என் தாத்தாவை எந்த வகையில் சேர்ப்பது? வழிவழியாக வந்தவர், சரி. ஆனால் அவர் கையில் சர்க்கார் முத்திரையும் இருந்தது. பழமை அவருக்கு மரியாதையைக் கொடுத்தது. சட்டம் அவருக்கு ஜப்தி செய்யும் பலத்தைக் கொடுத்தது. கிஸ்தி பாக்கிக்காக ஒருவன் வீட்டு அண்டாவைத் தூக்கி வரச் சொன்னால், தூக்கி வந்த தலையாரி பின்னால் சர்க்காரே நின்றது. மன்றோவின் கெட்டிக்காரத்தனம் இந்த இரண்டையும் ஒரு முடிச்சில் போட்டதுதான்.

அந்த முடிச்சு அவிழ நாளாயிற்று. சுதந்திரம் வந்து, அரசியல் சட்டமும் வந்து பத்து வருஷம் கழிந்த பிறகு, 1960-ல், ஆந்திரத்திலிருந்து ஒரு வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. ஒரு கிராம முன்சீப் பதவிக்கு இரண்டு பேர் போட்டி. பழைய முன்சீப்பின் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்பதற்காக ஒருவருக்கு வேலை கொடுத்தது செல்லுமா என்பது கேள்வி. கிராம முன்சீப் பதவி சர்க்கார் உத்தியோகம்தான், பிறந்த வம்சத்தைப் பார்த்து அதைக் கொடுக்கக்கூடாது என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது. 1968-ல் இந்த மாகாணத்தில் பரம்பரைச் சட்டமே ரத்தாயிற்று. ஆனாலும் ஏற்கெனவே பதவியில் இருந்தவர்கள் இருந்துகொண்டேதான் இருந்தார்கள். கடைசியில் 1980-ம் வருஷம் நவம்பர் 14-ந் தேதி, எம்.ஜி.ஆர். முதல் மந்திரியாக இருந்தபோது, ஓர் அவசரச் சட்டம் வந்தது. பகுதி நேரக் கிராம அதிகாரிகளின் பதவிகள் ஒரே நாளில் ஒழிந்தன. அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1982-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. பரீட்சை எழுதித் தேறி வரும் கிராம நிர்வாக அதிகாரி அந்த இடத்துக்கு வந்தார்.

நான் பிறந்தது அந்த 1980-ல்தான். ஆகவே தாத்தாவை மணியக்காரராக நான் பார்த்ததே இல்லை. ரிஜிஸ்தர்களை மூட்டை கட்டிக் கொடுத்த அன்று அவர் சாப்பிடவில்லை என்று பாட்டி சொல்வாள். மறுநாள் சாயங்காலம் வழக்கம்போல ஏரிக்கரைக்குப் போனாராம். சாகும்வரை, அதாவது 1994 வரை, அந்த நடை நிற்கவில்லை. ஊர்க்காரர்களும் வழக்கத்தை விடவில்லை. கன்றுக்குட்டி தகராறு, வரப்புத் தகராறு, மருமகள் கோபித்துக்கொண்டு போன தகராறு என்று எதற்கும் எங்கள் திண்ணைக்குத்தான் வருவார்கள். ஐந்து நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்வார். எதிர்ப் பேச்சு கிடையாது.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். ஒரு நாள் அவரைக் கேட்டேன்:

"தாத்தா, உங்களை யார் மணியக்காரர் ஆக்கினாங்க?"

"எங்கப்பா."

"அவரை?"

"அவங்கப்பா."

"எல்லாருக்கும் முதல்லே இருந்தவரை?"

அவர் சிரித்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஊர்தான்" என்றார்.

அந்தப் பதில் அப்போது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதில் ஒரு கம்பீரம் இருந்தது. பல வருஷம் கழித்துத்தான் அந்தச் சொல்லுக்குள் யார் யார் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றியது. எங்கள் பக்கத்தில் ஊர் என்றால் ஒன்று, சேரி என்றால் இன்னொன்று. "ஊருக்குள்ளே வராதே" என்று சேரிக்காரனைப் பார்த்துச் சொல்வார்கள். அவன் பிறந்து வளர்ந்ததும் அதே கிராமத்தில்தான். ஐப்பசி இரவில் மண் சுமக்க அவனும் வந்தான். ஆனால் தாத்தா சொன்ன அந்த 'ஊரில்' அவன் இல்லை. அவனைக் கேட்டு யாரும் மணியக்காரரை நியமிக்கவில்லை.

எங்கள் ஊரிலிருந்து உத்தரமேரூர் ஒரு மணி நேரப் பயணம். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919-லும் 921-லும் வெட்டியவை. குடவோலை என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். நானும் படித்தேன், மார்க்கு வாங்கினேன், மறந்தேன். நாற்பது வயதுக்கு மேல் ஒருமுறை அங்கே போய் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றேன். அதன் வாசகத்தை வீட்டுக்கு வந்து நிதானமாகப் படித்தேன்.

ஊரை முப்பது குடும்புகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுகிறார்கள். விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்கிறார்கள். அவன் எடுத்த ஓலையை வாங்கும் பெரியவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரல் இடுக்கில் வேறு ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக்கூடாது அல்லவா? ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே நம்மவர்களுக்கு மனித சுபாவம் நன்றாகத் தெரிந்திருக்கிறது! இப்படித் தேர்ந்தவர்கள் சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று பிரிந்து வேலை பார்க்கிறார்கள். முந்நூற்று அறுபது நாள் ஆனதும் இறங்கிவிட வேண்டும்.

இதைக் காட்டி, நமக்கு அன்றே ஜனநாயகம் இருந்தது என்று மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. அவ்வளவு தூரம் போக எனக்குத் துணிவில்லை. கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, வேதப் பயிற்சி, இத்தனையும் இருந்தால்தான் ஓலையில் பெயர் ஏறும். அது ஒரு பிராமணச் சபை. பெண்கள் பெயர் கிடையாது. உழுதவன் பெயரும் கிடையாது. அங்கேயும் 'ஊர்' என்பது சிலர்தான்.

ஆனால் இன்னொரு விதி இருக்கிறது. அதைத்தான் நான் மறக்க முடியாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி வரக்கூடாது. அவன் மட்டுமல்ல. அவன் தகப்பன், மகன், சகோதரன், மாமன், மாமனார், மைத்துனன், மருமகன், அத்தை மகன் எல்லோருடைய பெயரும் குடத்துக்கு வெளியே! எழுதியவர்கள் உறவுப் பட்டியலை ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே போகிறார்கள். பழமை, பழமை என்று நாம் பேசும்போது, கேள்வி கேட்காமல் கீழ்ப்படிவதுதான் நம்முடைய பழமை என்று எண்ணிவிடுகிறோம். அதிகாரத்தில் இருந்தவன் கணக்குக் காட்டியாக வேண்டும் என்பதும் நம்முடைய பழமைதான். அதைச் சுவரில் வெட்டியும் வைத்திருக்கிறார்கள். நமக்கு முதல் பழமை மட்டும் எப்படியோ நினைவில் தங்கிவிட்டது.

இனி பெட்டி விஷயத்தைச் சொல்கிறேன்.

ரிஜிஸ்தர்களைச் சர்க்காரிடம் கொடுத்த பிறகும் தாத்தாவிடம் ஒரு மரப்பெட்டி மிஞ்சியது. பழைய ரசீதுகள், கல்யாணப் பத்திரிகைகள், ஜமாபந்திக்குப் போனபோது எழுதிய குறிப்புகள், மூக்குக் கண்ணாடிக் கூடு. பாட்டியும் போன பிறகு அந்தப் பெட்டி அப்பாவிடமிருந்து என்னிடம் வந்தது. நாவலாசிரியனுக்குப் பழைய காகிதம் கிடைத்தால் கேட்கவா வேண்டும்? ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். அடியில், நாலாக மடித்த ஒரு மனு இருந்தது.

1958-ம் வருஷத்து மனு. சேரியைச் சேர்ந்த ஒருவர் தாசில்தாருக்கு எழுதியது. தம் பாட்டனாருக்குச் சர்க்கார் கொடுத்த ஒரு ஏக்கர் பன்னிரண்டு செண்டு நிலத்தை மேலத் தெருக்காரர் ஒருவர் பயிர் செய்துகொள்கிறார், கேட்டால் அடிக்க வருகிறார், கருணை கூர்ந்து விசாரித்து மீட்டுத் தர வேண்டும் என்று இருந்தது. அதன் ஓரத்தில் தாசில்தார் ஆபீஸ் முத்திரை. "கிராம முன்சீப் விசாரித்துப் பதினைந்து நாளில் அறிக்கை அனுப்பவும்" என்று சிவப்பு மையில் குறிப்பு. கூடவே இரண்டு ஞாபகப்படுத்தும் கடிதங்கள். அறிக்கையின் நகல் இல்லை. மனு பெட்டியிலேயே இருக்கிறதென்றால் அறிக்கை போகவில்லை என்றுதானே அர்த்தம்?

அந்த மேலத் தெருக்காரர் எங்கள் பங்காளி. தாத்தாவுக்குச் சித்தப்பா மகன்.

அந்த நிலத்தின் சரித்திரத்தையும் சொல்ல வேண்டும். 1890-களின் தொடக்கத்தில் செங்கற்பட்டு ஜில்லாவில் கலெக்டர் பதவியில் இருந்தவர் டிரெமென்ஹீர் என்ற வெள்ளைக்காரர். சேரி மக்களின் நிலைமையைப் பற்றி விரிவாக ஓர் அறிக்கை எழுதினார். தரிசாகக் கிடக்கும் நிலத்தை அவர்கள் கேட்டால்கூட, மிராசுதாரர்கள் தங்கள் முன்னுரிமையைச் சொல்லித் தடுத்துவிடுகிறார்கள் என்று அதில் காட்டினார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30-ல் சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க வேண்டும், அந்த நிலம் வேறு சாதியார் கைக்குப் போகக்கூடாது என்று நிபந்தனைகளோடு கொடுத்தார்கள். பஞ்சமி நிலம் என்று இன்று சொல்கிறோமே, அது இதுதான். உத்தரவு சென்னைக் கோட்டையில் பிறந்தது. ஆனால் எந்தச் சர்வே நம்பர், யார் அனுபவம், யார் ஆக்கிரமிப்பு என்று எழுதும் பேனா கர்ணத்தின் கையில் இருந்தது. சரி பார்க்கும் கையெழுத்து மணியக்காரருடையது. கோட்டையிலிருந்து நூறு மைல் ஓடி வந்த உத்தரவு எங்கள் திண்ணைப் படி ஏறமுடியாமல் நின்றுவிட்டது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐப்பசி மழையில் விடியும்வரை நின்றவரும், இந்த மனுவைப் பெட்டியில் போட்டுப் பூட்டியவரும் ஒரே மனிதர். தாத்தா லஞ்சம் வாங்கியவர் அல்ல. வாங்கியிருந்தால் எங்கள் வீடு இப்படி ஒழுகாது. அவர் கொடுமைக்காரரும் அல்ல. பங்காளியின் முகத்தைப் பார்த்தார், காரியத்தைத் தள்ளிப் போட்டார். யார் கேட்கப் போகிறார்கள்? தாசில்தார் இரண்டு தடவை கேட்டுவிட்டு மாற்றலாகிப் போயிருப்பார். மனுக் கொடுத்தவர் எங்கள் வாசலுக்கு எத்தனை தடவை வந்திருப்பார்? வந்தவர் திண்ணைக்குக் கீழே தெருவில் நின்றுதான் பேசியிருக்க முடியும். "பார்க்கலாம், போ" என்று தாத்தா சொல்லியிருப்பார். அதே குரல். கரையைக் காப்பாற்றிய அந்தக் குரலுக்கு அவர் எதிர்ப் பேச்சுப் பேசியிருக்க முடியாது. அந்த இரவில் மண் சுமந்தவர்களில் அவரும் ஒருவராக இருந்திருக்கலாம்.

என் முடிவு எளிமையானது. ஒருவர் முன்னால் நின்று வழிகாட்டுவதில் தப்பில்லை. அனுபவசாலியின் பேச்சுக்குக் கட்டுப்படுவதிலும் தப்பில்லை. அவரிடம், "அந்த மனு என்ன ஆயிற்று?" என்று கேட்க ஊரில் கடைசி மனிதனுக்கும் உரிமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த உரிமை இல்லாத இடத்தில் நல்ல தலைவன் கிடைப்பது நம் அதிர்ஷ்டம். நல்லவனும் தன் பங்காளி விஷயம் வரும் வரையில்தான் நல்லவன்.

பதவியை ஒழித்தால் பழைய அதிகாரம் ஒழிந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. மதுரை ஜில்லாவில் மேலவளவு பஞ்சாயத்துத் தலைவர் பதவியைத் தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கினார்கள். முருகேசன் என்பவர் தலைவரானார். 1997 ஜூன் 30-ந் தேதி, பஸ்ஸில் வந்துகொண்டிருந்த அவரையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். அதே ஜில்லாவில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் இப்படி ஒதுக்கிய பதவிக்குப் பத்து வருஷம் ஒழுங்காகத் தேர்தல் நடத்த முடியவில்லை. 2006-ல்தான் முடிந்தது. 'எங்களை ஆள எங்கள் முன்னோர் வழி வந்தவன்தான் வர வேண்டும்' என்ற எண்ணம், அவசரச் சட்டத்தால் ஒரே நாளில் ரிஜிஸ்தரை மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவதில்லை.

இதையெல்லாம் டீக்கடையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிழவரிடம் சிரித்துவிட்டு நடந்தேன். அந்தத் தடவை நான் ஊருக்குப் போனதே அந்த மனுவை எடுத்துக்கொண்டுதான்.

மனு எழுதியவரின் பேரன் இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மின்சார வேலை தெரிந்தவர். வாசலில் நாற்காலி எடுத்துப் போட்டு, "உட்காருங்க சார்" என்றார். அவருடைய பாட்டனார் என் தாத்தாவை 'ஆண்டே' என்றுதான் கூப்பிட்டிருப்பார். நான் காகிதத்தைக் கொடுத்தேன். எங்கே கிடைத்தது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் இரண்டு தடவை படித்தார். கடைசியில் இருந்த கைநாட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"தாத்தாவுக்கு எழுதத் தெரியாதுங்க. யாரை வெச்சு எழுதினாரோ" என்றார். பிறகு, "மனு கொடுத்தேன், கொடுத்தேன்னு சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாராம். சும்மா சொல்றார்னு எங்கப்பாவே நம்பலை" என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தாத்தா சார்பில் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். அதற்கு எனக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? அந்த நிலத்தில் இப்போது மனைப் பிரிவுக் கற்கள் நட்டிருக்கிறார்கள். அவர் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறை நிறையக் காகிதங்களைக் கொண்டு வந்தார். 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டத்தின்படி அந்தச் சர்வே நம்பருக்குப் பழைய கணக்குகளைக் கேட்டு அவர் ஏற்கெனவே எழுதியிருந்தார். வந்த பதில்களும் வராத பதில்களுக்கான அப்பீல்களும் தேதிவாரியாக அடுக்கியிருந்தன. இந்த மனுவின் தேதி மட்டும்தான் அவரிடம் இல்லையாம்.

"இதை ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு உங்களுக்குத் திருப்பிக் கொடுக்கட்டுமா சார்?" என்று கேட்டார்.

"எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

தெருமுனைக் கடைக்குப் போய்விட்டு வந்தார். கையில் இரண்டு தாள்கள். ஒரு நிமிஷம் இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு புதுத் தாளை என்னிடம் நீட்டினார்.

"நகலை நீங்க வெச்சுக்குங்க சார். அசல் எங்ககிட்டவே இருக்கட்டும்."

நகலை வாங்கிக்கொண்டேன். அது இப்போது மணியக்காரர் பெட்டியில் இருக்கிறது.